இரண்டு வரப்புக்கு நடுவில் மூன்றடி

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு என் கையில் இருந்ததெல்லாம் மண்வெட்டிதான். மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷம் தண்ணீர் கட்டுகிற வேலை பார்த்தேன். எந்த மடையை எப்போது திறப்பது, எந்தப் பாத்தியில் எத்தனை விரல் தண்ணீர் நிற்க வேண்டும், எந்த வரப்பு உளுத்திருக்கிறது என்று பார்த்து அங்கே சேறு அப்புவது, இதுதான் என் உத்தியோகம். அதனால் 2005-ல் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள் என்று சொன்னால் ஊரில் சிலர் இப்போதும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். ஒரு பெரிய தப்பும் செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு அளத்தில் வேலை இல்லை. பாத்தி முழுக்கக் கடல் சேறு. மடைகள் எல்லாம் பெயர்ந்து கிடந்தன. அப்போது உதவி செய்ய வந்த ஒரு அமைப்பு, உரக்கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்தது. உப்பளத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அரசாங்கம் உயரமாக ஒரு கரை போடப் போகிறது, மறுபடி கடல் வந்தால் ரோட்டோரத்துக் குடியிருப்புகளைக் காப்பாற்ற. கரையில் எங்கெங்கே திறப்பு விட வேண்டும், எங்கே மதகு வேண்டும் என்று முடிவு செய்ய அளத்தின் மேப் வேண்டும். அதைத்தான் இந்த அமைப்பு வரைந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது.

பொறுப்பில் இருந்தவர் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஒரு பெண். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, எது பாத்தி, எது தேக்கம் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அளம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டதில் மேஸ்திரி என்னை அனுப்பினார்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கறுப்பாக இருப்பது கடல் தண்ணீரை முதலில் தேக்குகிற இடம். அதற்கு அடுத்து கலங்கலாக இருப்பது தண்ணீர் வெயிலில் சுண்டுகிற பாத்தி. வெளுத்த கட்டங்கள் உப்பு விளைகிற பாத்தி. தண்ணீரின் நிறம் பார்த்தே பிழைத்தவனுக்கு அது மேலிருந்து தெரிந்தால் என்ன, கீழிருந்து தெரிந்தால் என்ன? கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"நீங்க சொல்லி நான் வரையறதுக்கு, நீங்களே வரைஞ்சிடலாம்ணே. உக்காருங்க."

"நானா? இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்கத்தான் தெரியும் மேடம்."

"கோட்டுக்கு என்ன இங்கிலீஷ், என்ன தமிழ்? உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தேன். தினமும் காலையில் குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, திருநீறு இட்டுக்கொண்டுதான் அளத்துக்குப் போவேன். மாடிக்கும் அப்படியேதான் போனேன். வேண்டுதலும் மாறவில்லை. ஈசனே, என் கையால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது.

ஒரு வாரத்தில் மவுஸ் கைக்குப் படிந்தது. அம்புக்குறியை ஒரு கோட்டின் மேல் வைத்துத் தட்டினால் அந்தக் கோடு நிறம் மாறி, நான் தயார் என்று நிற்கும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் அதன் திருப்பங்களில் எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள் முளைக்கும். அந்தச் சதுரத்தைப் பிடித்து இழுத்தால் வரப்பு வளையும், நிமிரும், நகரும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே தட்டினால் ஒன்றோடு இன்னொன்று சேரும். நிறைய கோடுகள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மவுஸை இழுத்துப் பெட்டி கட்டினால் போதும், பெட்டிக்குள் இருப்பதெல்லாம் வலையில் விழுந்த மாதிரி நிறம் மாறிவிடும். ஆனால் பெட்டி போடும்போது நமக்கு வேண்டியதும் விழும், வேண்டாததும் விழும். மேடம் முதல் நாளே இதைச் சொன்னார். "டெலிட் தட்டறதுக்கு முன்னாடி என்னென்ன மாட்டியிருக்குன்னு ஒரு தடவை பாருங்கண்ணே." நானும் பார்த்துத்தான் செய்தேன். அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு முறை அரை நாள் வேலை காற்றோடு போனது. அதிலிருந்து நான் ஒரு கோடு போட்டாலும் சேவ், ஒரு கோடு அழித்தாலும் சேவ் என்று பழகிவிட்டேன். பழைய ஃபைலின் மேலேயே அது பதிந்துவிடும்.

சித்திரை மாதம் வேலை முடிகிற கட்டத்துக்கு வந்தது. அப்போது ஒரு கோளாறு தெரிந்தது. இந்தப் பக்கத்துப் பாத்திகளை மேடம் வரைந்திருந்தார், அந்தப் பக்கத்துப் பாத்திகளை நான் வரைந்திருந்தேன். நடுவில் இருக்கிற வரப்பை இருவருமே வரைந்திருந்தோம். ஒரே வரப்பு இரண்டு கோடாக, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் கிடந்தது. அளம் முழுக்க இப்படித்தான்.

"இதெல்லாம் ஒரே கோடா ஆக்கணும்ணே. ரெண்டுல ஒண்ணைத் தூக்கிடுங்க."

எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. அளத்தில் இரண்டு வரப்பு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது கெட்ட வேலை. நடுவில் தண்ணீர் நின்று இரண்டையும் அரித்துவிடும். பார்த்த இடத்திலேயே சேறு போட்டு ஒன்றாக்கிவிடுவோம். பதினெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ஆகவே திரையில் இரட்டைக் கோட்டைக் கண்டால் என் கை தானாகப் போனது. பெட்டி கட்டு, ஒன்றைத் தேர்ந்தெடு, அழி, சேவ். மூன்று நாளில் அளம் முழுக்கச் சுத்தம். ஒரு வரப்புக்கு ஒரு கோடு. மேடம் பார்த்துவிட்டு, "புதுசா பாத்தி கட்டின மாதிரி இருக்குண்ணே" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது உண்மை.

மேப்பைப் பெரிய தாளில் அச்சடித்து ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம். ஊர் ஜனங்கள் வந்து பார்த்துத் தப்பு இருந்தால் சொல்ல வேண்டும், செவ்வாய்க்கிழமை அதை என்ஜினீயரிடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கரைக்கு உத்தேசமாக ஒரு சிவப்புக் கோடும் அதில் இருந்தது. அளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற வழி எங்கே இருக்கிறதோ அங்கே கரையில் திறப்பு. மேப்பில் அப்படி ஒரே ஒரு வழிதான் இருந்தது, வடக்கே லாரி போகிற பாதை.

ஆண்கள் வந்தார்கள், அவரவர் வேலை செய்கிற பாத்தியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். பிறகு உப்பு சுமக்கிற பெண்கள் வந்தார்கள். என் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் வேலை செய்கிறாள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா உண்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அவர் தார் ரோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார்.

"இதான சின்னப் பாலம்? இங்க எறங்குறேன். எறங்கி..." விரல் நின்றது. "இன்னாபா இது, இங்க வரப்பு நிக்குது? நான் எங்க நடக்குறது?"

"அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்குது. நீங்க எடத்த மாத்திப் பாக்குறீங்க."

"நானு மாத்துறேனா? இருவது வருசமா கூடைய வெச்சிக்கினு நடந்தவகிட்ட வந்து இடம் சொல்றியா? சந்து எங்கப்பா? சந்தக் காணோமே!"

"எந்தச் சந்து?"

பெண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் மனைவிதான் சொன்னாள், ஊர் முன்னால் என்னைத் திட்ட முடியாத குரலில்.

"ரெண்டு வரப்புக்கு நடுவுல பள்ளமா ஒரு வழி போவுமே, அதுங்க. சுமைய வெச்சிக்கினு வரப்பு மேல ஏறுனா வழுக்கும். நாங்க எல்லாம் அதுலதான் வர்றோம், போறோம். அன்னிக்குக் கூட அதுலதான ஓடியாந்தோம்."

அன்றைக்கு என்றால் கடல் உள்ளே வந்த ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி என்று நான் விடியற்காலையிலேயே பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போய்விட்டேன். அவளும் அக்காவும் இன்னும் சில பெண்களும் கால்வாயில் இறால் தடவப் போயிருந்தார்கள். தண்ணீர் வருவதைப் பார்த்து ரோட்டுக்கு ஓடித் தப்பினார்கள். சாமி காப்பாற்றியது என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். எந்த வழியாக ஓடினாய் என்று ஒரு முறை கூடக் கேட்டதில்லை.

ஆண்கள் நாங்கள் சைக்கிளில் பெரிய வரப்பு மேலேயே போய் வருவோம். அந்தப் பள்ளத்தில் நான் கால் வைத்ததே கிடையாது. தண்ணீர் கட்டுகிறவன் கண்ணுக்கு அது ஒன்றாகச் சேர்க்காமல் விட்டுப்போன இரண்டு வரப்பு. அவ்வளவுதான். திரையில் அது வந்தபோது மற்றதோடு சேர்த்து அதையும் பெட்டி கட்டி அழித்திருக்கிறேன்.

கரையை மேப்பில் உள்ளபடி போட்டால் அந்த வழி அடைபடும். பெண்கள் சுமையோடு வடக்கே லாரிப் பாதையைச் சுற்ற வேண்டும். இன்னொரு முறை கடல் வந்தால் எங்கே ஓடுவார்கள்? இதை நினைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

மேடம் மேப்பைக் கூர்ந்து பார்த்தார். "சாட்டிலைட் படத்துல விழலை போலிருக்கு. ரொம்பக் குறுகலான வழி."

அப்படியே விட்டிருக்கலாம். வானத்தில் இருக்கிற சாட்டிலைட் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்ல மேடம். ரெண்டு கோடு இருந்துச்சு. நான்தான் ஒண்ண அழிச்சிட்டேன்."

அக்கா இடுப்பில் கை வைத்தார். "எடுத்து முழுங்கிட்டு இங்க வந்து எடத்த மாத்திப் பாக்குறேன்னு என்னையே சொல்றான் பாரு!" பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

மேடம் மாடிக்கு ஓடி ஃபைலைத் திறந்தார். திறந்து பார்த்து என்ன? அன்டூ என்பது அன்றன்றைக்குச் செய்ததைத்தான் திருப்பித் தரும். பழைய ஃபைல் தனியாக இல்லை. நான்தான் அதன் மேலேயே சேவ் செய்துகொண்டே போயிருக்கிறேனே. மிச்சமிருந்த ஒற்றைக் கோடு வடக்கு வரப்பா, தெற்கு வரப்பா என்று கூடத் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சுத்தான் தெரிந்தது.

"நாளைக்குப் போய் அளந்துகினு வந்துர்றேன் மேடம்" என்றேன். அவர் முகத்தில் பயம் இருந்தது. எனக்கு அப்போது பயம் போய்விட்டது. செய்த தப்பு என்னவென்று தெரிந்துவிட்டால், திருத்துகிற வேலை எனக்குக் கைவந்த வேலை. உடைந்த வரப்பைக் கட்டாத நாள் என் வாழ்க்கையில் எது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். அக்காவும் என் மனைவியும் கூட வந்தார்கள். சின்னப் பாலத்தின் கல்லிலிருந்து அளக்க ஆரம்பித்தோம். அந்தக் கல் மேப்பில் இருக்கிறது, அது நகராது. டேப்பின் ஒரு முனையை என் மனைவி பிடித்தாள், மறு முனையை நான். அக்கா பிடிக்கவில்லை, அதிகாரம் மட்டும்தான். முப்பது தப்படிக்கு ஒரு முறை அகலம் அளந்தேன். சில இடத்தில் நாலரை அடி, சில இடத்தில் நாலு. ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில், கரை வரப் போகிற இடத்தில், சரியாக மூன்று அடி. காலடியில் கெட்டி மணல். சேறு இல்லை. இத்தனை வருஷம் மேலே நின்று பார்த்துக்கொண்டே இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அக்கா மாடிக்கே வந்துவிட்டார். இன்னும் எதையெதை முழுங்கியிருக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். நான் ஒவ்வொரு வரப்பாகத் தட்டி நிறம் மாற்றிக் காட்டினேன். அவர் கணக்கு வேறு மாதிரி. எந்தப் பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கிற அம்பாரம் எத்தனை நடை, எங்கே கூடையை இறக்கி மூச்சு வாங்குவது, எங்கே குனிய வேண்டும், அதை வைத்தே மேப் முழுக்கப் படித்துவிட்டார். வேறு எதுவும் தொலையவில்லை. மற்ற இரட்டைக் கோடுகள் எல்லாம் நிஜமாகவே ஒரே வரப்புத்தான். அதைக் கேட்ட பிறகுதான் மேடம் டீ சொன்னார்.

பிறகு அந்தக் கோட்டைத் தொட்டேன். அளவைப் போட்டுப் பார்த்ததில் மிச்சமிருந்தது தெற்கு வரப்பு. அதையே ஒரு நகல் எடுத்து வடக்கே தள்ளி வைத்து, முளைத்த சதுரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அளந்த இடத்தில் உட்கார வைத்தேன். நாலரை. நாலு. நாலு. கடைசியில் மூன்று.

"ஏம்பா, போடுறது போடுற, ஆறடின்னு போடேன்" என்றார் அக்கா. "எதுர ஒருத்தி வந்தா ஒதுங்க எடம் வேணாமா?"

மதியச் சோறு கொண்டு வந்திருந்த என் மனைவியும் வாசலில் நின்றபடி சொன்னாள். "நீங்கதான வரையறீங்க. கொஞ்சம் தள்ளி வெச்சா யாருங்க வந்து கேக்கப் போறாங்க?"

கடைசிச் சதுரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், உண்மையைச் சொல்கிறேன். வரப்பு சத்தமில்லாமல் வந்தது. அளத்தில் அத்தனை தூரம் ஒரு வரப்பைத் தள்ளி வைக்க நாலு ஆளுக்கு ஒரு நாள் ஆகும். இங்கே ஒரு விரல். ஆறடி ஆகிவிட்டது. பார்க்க அழகாகக் கூட இருந்தது. அடைத்தவன் நான்தானே, பரிகாரமாக மூன்றடி கூடத் தந்தால் என்ன என்று மனசு கேட்டது. அடுத்த நிமிஷம், அந்த மூன்றடி பக்கத்துப் பாத்திக்காரனுடையது ஆயிற்றே என்றும் தோன்றியது. சாமிக்கு எடுத்து வைக்கிற பூவைக் கூட அடுத்தவர் தோட்டத்தில் கேட்காமல் பறித்ததில்லை நான்.

அன்டூ தட்டினேன். வரப்பு தன் இடத்துக்கே போனது.

"இன்னாபா பண்ற!"

"அக்கா, நாளைக்கு என்ஜினீயரு டேப் வெச்சி அளந்து, ஆறடி இல்லன்னா, சந்தே பொய்யின்னுடுவாரு. இருக்குறத போட்டாதான் நிக்கும்."

"இவன வெச்சிக்கினு..." என்று என் மனைவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. "எப்டிம்மா குடும்பம் நடத்துற?"

செவ்வாய்க்கிழமை என்ஜினீயர் வந்தார். மேஜையில் விரித்த மேப்பில் நான் போட்ட வழியில்தான் முதலில் பேனாவை வைத்தார்.

"இது வடிகால்தானே? இதுக்கு எதுக்குத் திறப்பு? குழாய் போட்டா போதும்."

"தண்ணி போறதில்ல சார். ஆளுங்க போறாங்க" என்றேன்.

"மூணடியிலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கதவருகில் இருந்து உள்ளே வந்தார். "நாங்க குழாயில ஊர்ந்து வரணுமா சார்? கெளம்புங்க. வந்து நடந்து பாருங்க."

அவர் கோபப்படுவார் என்று மேடம் நினைத்தார். ஆனால் அவர் ஜீப்பில் ஏறினார். சின்னப் பாலத்தில் இறங்கி, டேப்பை என்னிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். மேப்பில் மூன்று, தரையில் மூன்று. இன்னும் இரண்டு இடத்தில் அளந்தார். மேப்பில் நாலு, தரையில் நாலு. மேப்பில் நாலரை, தரையில் நாலரை. பிறகு சந்து வழியாகவே அளம் வரை போய்த் திரும்பி வந்து, தன் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். சேறு இல்லை. வரப்பு மேல் கூட வந்த டிரைவர் இரண்டு முறை சறுக்கி முழங்காலில் மண்ணோடு நின்றார். என்ஜினீயர் ஜீப்பின் முன்பக்கத்தில் மேப்பை விரித்துச் சிவப்புக் கோட்டை அந்த இடத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் சின்னதாகக் கோடு போட்டார். நான் மனசுக்குள் ஈசனைக் கும்பிட்டுக்கொண்டேன். என் மனைவி அன்று சாயங்காலம்தான் என்னிடம் சரியாகப் பேசினாள்.

அடுத்த வருஷம் கோடையில் கரை எழும்பியது. மேப்பில் இருந்தது மூன்றடி, திறப்பும் மூன்றடி. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போது அளத்தில் மறுபடி உப்பு விளைய ஆரம்பித்திருந்தது, நானும் மண்வெட்டிக்குத் திரும்பியிருந்தேன். காலையில் மடை திறந்துவிட்டு அந்தப் பக்கம் போனால், கரையின் இந்தப் பக்கம் அக்கா கூடையோடு நின்றுகொண்டிருப்பார், எதிரே வருகிறவள் கடந்து போகட்டும் என்று.

"வாப்பா, நாயமான ஆளு! வந்து பாரு. கூடைய வெச்சிக்கினு கோயில் கியூல நிக்கிற மாதிரி நிக்கிறேன். ஒரு அடி சேத்துப் போட்டிருந்தா உங்க சாமி வந்து கண்ணக் குத்திடுமா?"

"குத்தாதுக்கா. ஆனா அந்த என்ஜினீயரு அடைச்சிட்டுப் போயிருப்பாரு."

"வாயி மட்டும் கொறச்சலில்ல" என்று சொல்லிக்கொண்டே, எதிரே வந்தவள் வெளியே வந்ததும், அவர் குனியாமல், கூடை எந்தப் பக்கமும் உரசாமல், திறப்புக்குள் நடந்து ரோட்டுக்கு ஏறினார். அவருக்குப் பின்னால் வரிசையில் என் மனைவி நின்றிருந்தாள்.